கூத்தியும் ஆர்ட்டிஸ்டும்

மீன்சுருட்டிப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா. மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டிருந்த கரகாட்டப் பெண் சொன்னார்: "ஆட்டக்காரின்னு எழுதாதீங்க சார், ஆர்ட்டிஸ்ட்னு போடுங்க." ஆங்கில மோகத்தில் கேட்ட சொல் அல்ல அது. 'ஆட்டக்காரி' என்று கூப்பிடுகிறவன் அடுத்து என்ன கேட்பான் என்று அவருக்குத் தெரியும்.

ஆடும் பெண்ணுக்கு இரவல் சொல் தேடுவது நம் பழைய வழக்கம். தாசி, கணிகை, நர்த்தகி வடமொழி தந்தவை. டான்சர், ஹீரோயின், ஆர்ட்டிஸ்ட் ஆங்கிலம் தந்தவை. வந்த சொற்கள்தாம் நம் பெண்களை இழிவாக்கின என்று பேசுவோர் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. 'கூத்தி' பச்சைத் தமிழ். இங்கிருந்து கிழக்கே போனால் சிதம்பரத்தில் ஆடுகிறவன் கூத்தன், கைகூப்பி நிற்கிறோம். அதே சொல் பெண்பாலில் வைப்பாட்டியைக் குறித்தது. நாயன்மார்களைச் சொல்லும் 'அடியார்' கோயில் பெண்ணுக்கும் பெயராகித் 'தேவரடியார்' ஆனது. அதன் தேய்ந்த வடிவம்தான் இன்று தெருச்சண்டையின் கொடிய வசை. கறை சொல்லின் பிறப்பில் இல்லை, சொல்கிற வாயில் இருக்கிறது.

அப்படியானால் இரவல் சொல்லால் பயன் இல்லையா? உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தாயின் தொழிலைக் கேட்டால், தலைகுனியாமல் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல் கிடைக்கிறது. அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்த மதிப்பு நெடுநாள் நிற்பதில்லை. ஆணுக்கு 'டான்ஸ் மாஸ்டர்', பெண்ணுக்கு 'டான்ஸ்காரி': வந்த சொல்லிலும் பழைய 'காரி' ஒட்டிக்கொண்டது. 1930களில் கோயில் பெண்கள் ஆடிவந்த சதிர் 'பரதநாட்டியம்' என்று பெயர் மாறியபோது கலைக்குச் சபா மேடை கிடைத்தது. அதைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பங்களில் பலவற்றுக்கு அந்த மேடை கிடைக்கவில்லை. அந்த மரபிலிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம், 1936இல் தம் நாவலின் தலைப்பிலேயே 'தாசிகள்' என்று எழுதினார். அவர் சொல்லுக்குத் திரை போடவில்லை, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் முறையை எதிர்த்தார். அந்த முறையைத் தடுத்தது 1947ஆம் ஆண்டுச் சட்டம். பெயர் மாற்றம் அல்ல.

பெண்ணின் பெயரைக் கல்லில் காத்த வழக்கமும் இங்கே இருந்தது. எங்கள் ஊருக்கு அருகே கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய இராசேந்திரன், திருவாரூர்க் கோயிலில் தானும் தன் அன்புக்குரிய அணுக்கியார் பரவை நங்கையும் நின்ற இடத்தில் விளக்கு வைத்ததைக் கல்லில் பொறித்தான். அவன் தந்தை இராசராசன் தஞ்சைக்குக் கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேர். தெரு, சிறகு (தெருவின் வரிசை), வீடு, வந்த ஊர் என்ற விவரங்களோடு ஒவ்வொருவர் பெயரும் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது.

நான் பார்த்த திருவிழா நோட்டீசில் நாதஸ்வர வித்வான் பெயர் இருந்தது, மைக்செட்காரர் பெயர் இருந்தது. விடிய விடிய ஆடியவருக்கு 'கரகாட்டக் குழுவினர்' என்ற ஒற்றை வரிதான். விழாக் குழுவினரே, அடுத்த நோட்டீசில் ஆர்ட்டிஸ்ட் என்றோ கலைஞர் என்றோ எதை வேண்டுமானாலும் போடுங்கள். பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.