டிக் என்று ஒரு சத்தம்

துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் மேல் உள்ள சின்னக் குமிழைத் திருகும்போது வரும் 'டிக்' எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல, அதைவிடச் சற்று அழுத்தமாக விரல் நுனியில் வந்து தட்டும். பெரும்பாலான அமெரிக்க ஸ்கோப்புகளில் ஒரு டிக் என்றால் 100 கஜ தூரத்தில் குண்டு படும் இடம் சுமார் கால் அங்குலம் நகரும். நகர்வதாகச் சொல்கிறார்கள், நகர்கிறதா என்பதில்தான் அமெரிக்காவின் மொண்டானா மலைகளின் எல்க் மான் வேட்டைக்காரர்களுக்குக் கவலை. அதற்கு அவர்கள் செய்யும் சோதனையின் பொறுமை அழகானது. ஒரே புள்ளியைக் குறிபார்த்து ஒரு குண்டு. 20 டிக் மேலே, ஒரு குண்டு. 20 வலது, 20 கீழே, 20 இடது. அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் விழுகிறது. ஐந்தாவது குண்டு முதல் துளையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போனால், சுட்டவர் முகம் மலர்ந்துவிடும்.

உருப்பெருக்கம் அதிகமுள்ளதைவிட, பிக்கப் வண்டியில் நாள் முழுக்கக் குலுங்கியும் வைத்த இடத்திலேயே நிற்கும் எளிய ஸ்கோப்பே அனுபவசாலிகள் பலருக்கு உசத்தி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. குறி பிசகினால் வலி மானுக்கல்லவா? வேட்டை நாளின் விடியற்காலைக் குளிரில், மூச்சு பட்டுக் கண்ணாடி மங்காதபடி மெல்ல முகத்தைச் சாய்க்கிறார்கள். நாலு விரற்கடை தள்ளிக் கண்ணை வைத்ததும் வட்டம் நிறைகிறது. பைன் மரங்களின் இருட்டிலிருந்து பழுப்புக் கழுத்தொன்று பிரிந்து தெரிகிறது.