ஸ்பிரேக்கு முன் கோன் காலர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்குப் பாதத்தில் வெட்டுக்காயம் புதிதல்ல. லேத்தில் சுருண்டு விழும் இரும்புச் சீவல், பழைய இரும்பு ஏற்றிப் போகும் லாரிகளிலிருந்து சாலையோரம் சிந்திக் கிடக்கும். மிதித்த நாய் நொண்டிக்கொண்டு வரும். மருந்து போட்டுவிட்டு நாம் நகர்ந்ததும் நக்க ஆரம்பித்துவிடும். நாயின் எச்சிலே புண்ணை ஆற்றிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நக்க நக்கப் புதுத்தோல் பிய்ந்து, ஈரம் தங்கி, சீழ் பிடிப்பதுதான் நடக்கிறது. பிறகு ஈ மொய்க்கும், புழு வைக்கும்.

அதனால் காயத்துக்கு அடிக்கும் ஸ்பிரேக்கு முன் வாங்க வேண்டியது, நாய் புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கோன் காலர். எங்கள் நாட்டு நாய்க்குப் பஞ்சு வளையம், பிளாஸ்டிக் கோன் இரண்டையும் மாட்டிப் பார்த்தேன். வளையத்தோடு அது சுகமாகத் தூங்கியது. ஆனால் நீண்ட மூஞ்சியை வளைத்துப் பின்னங்காலை எட்டிவிட்டது. பாதக் காயத்துக்கு வளையம் உதவாது. பிளாஸ்டிக் கோனை அதனால் தாண்ட முடியவில்லை. உள்ளிருந்து வெளியே தெரியும் ரகமாக இருந்ததால் சீக்கிரம் பழகியும் கொண்டது.

எடையைச் சொல்லி வாங்காதீர்கள். கழுத்திலிருந்து மூக்கு நுனி வரை அளந்து, அதைவிட இரண்டு விரல் நீளமானதை எடுங்கள். கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். குறைகளும் உண்டு. வெல்க்ரோவில் முடி சேர்ந்து பிடி தளர்கிறது. விளிம்பு கழுத்தை உராய்கிறது, துணி சுற்றியதும் சரியானது. சாப்பிடும்போது கழற்றலாம், பக்கத்திலேயே நின்றால். சித்திரை வெயிலில் நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

கோன் மாட்டுவதற்கு முன் காயத்தைக் கழுவ வேண்டும். ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சில் 0.9% சலைனை எடுத்துப் பீச்சினால் மண்ணும் இரும்புத் தூளும் வெளியே வரும். பிறகு வெளிர் டீ நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடின் போதும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆறும் சதையையே கெடுக்கும். வலிக்குதே என்று நம் பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை நஞ்சாகலாம்.

சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், வாய் பிளந்த காயமாக இருந்தால், புழு தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். இன்னொரு நாய் கடித்திருந்தால் பல் பட்ட இடம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்குக் கூட்டிப் போங்கள்.