கையெழுத்தும் கைநாட்டும்

1954இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்புறம் தஞ்சைப் பெரிய கோயில். 1978 ஜனவரியில் அது செல்லாமல் போனது. செல்லாத அந்தத் தாளுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் முகமதிப்பைவிடப் பல மடங்கு விலை. அவர்கள் தேடுவது கோயிலை அல்ல, கையெழுத்தை. என்.சி. சென்குப்தா 1975இல் மூன்றே மாதம் கவர்னராக இருந்தார். அந்தப் பதவியில் அவர் கையெழுத்து விழுந்தது இந்த நோட்டில் மட்டும்தான். போதாதா? (இத்தனைக்கும் அச்சடித்த கையெழுத்து.)

கொண்டுவருபவருக்கு இவ்வளவு தருகிறேன் என்ற வாக்குறுதியின் கீழ் இடப்பட்டது அது. அரசின் புரோநோட்டு என்று வைத்துக்கொள்ளலாம். காவிரிப் படுகையில் இன்னொரு புரோநோட்டும் புழங்கியது: பண்ணையாள் கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டியது. சேகரிப்பாளரின் ஆல்பத்தில் அதற்கு இடமில்லை. கைநாட்டு 'அரிது' ஆகாது, ஏன்னா அதில் பெயர் இல்லை.

கோயில் படம் போட்ட நோட்டு செல்லுபடியாக இருந்த காலத்தில்தான், அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கூலியை நெல்லாகப் படியில் அளந்தார்கள். அரைப்படி கூடக் கேட்ட போராட்டம், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதில் போய் நின்றது. ஆயிரம் ரூபாய்த் தாளை அவர்களில் யார் கண்ணால் கண்டிருப்பார்கள்?

ரேகை பதிந்த தாள்கள் பழைய மிராசு வீட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கலாம். போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.