செல்லிடத்துச் சினமும் அல்லிடத்துச் சினமும்

சினத்தைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் நம்மிடையே பலர். ஜும்ஆ மேடைகளிலும் நீதிக் கட்டுரைகளிலும் நன்னெறிக் கதைகளிலும் அது ஒரு தீயாகவும், நோயாகவும், ஷைத்தானின் கைக்கருவியாகவும் உரைக்கப்படுகிறது. அதற்கு ஆதாரங்கள் உண்டு. அவற்றை மறுக்க நாம் வரவில்லை. ஆயினும் இவ்வெழுத்துகளைத் தொடர்ந்து படித்து வருங்கால் ஒரு குறை புலப்படுகிறது. சினந்தவன் யார் என்று கேட்கிறார்கள். எவர்மீது சினந்தான் என்று கேட்பதில்லை. பின்னதைக் கேளாது சினத்தின் இயல்பை அறிய இயலாது என்பது நம் கருத்து.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1111) இதைக் கேட்டவர்கள். 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் நாற்பது கிதாபுகளுள் இருபத்தைந்தாவது, சினம், வன்மம், பொறாமை ஆகியவற்றைப் பற்றியது. சினமாவது நெஞ்சக் குருதியின் கொதிப்பு என்பது அவர்கள் கொண்ட வரையறை. அக்காலத்து மருத்துவம் அது. அதோடு நின்றிருந்தால் இன்று நாம் எடுத்துப் பேச அதில் ஏதுமில்லை. அதன்மேல் அவர்கள் நுட்பமாக ஒன்று காட்டுகிறார்கள். தனக்குக் கீழ்ப்பட்டவன்மீது சினந்தால் குருதி மேலெழுந்து பரவுகிறது. முகமும் கண்ணும் சிவக்கின்றன. தனக்கு மேற்பட்டவன்மீது, பழிதீர்க்கும் நம்பிக்கையற்ற நிலையில் சினந்தால், அதே குருதி தோலை விட்டு உள்ளே சுருங்குகிறது, முகம் வெளிறுகிறது, சினம் துக்கமாக மாறுகிறது. ஒத்தவன்மீது சினந்தாலோ, விரிதலுக்கும் சுருங்குதலுக்கும் இடையே ஊசலாடி, சிவப்பும் வெளிறலும் நடுக்கமும் மாறிமாறித் தோன்றுகின்றன. ஒரே உணர்ச்சிக்கு மூன்று முகங்கள்! முகத்தை மாற்றுவது சினந்தவனின் குணமன்று. எதிரில் நிற்பவனின் நிலை.

இதை மனத்திற் கொண்டு தமிழ்ச் சொற்களை நோக்கினால் வியப்பே மேலிடும். சீறுதல், கண் சிவத்தல், வெகுண்டெழுதல் என்பன ஒரு வரிசை. குமுறல், பொருமல், மனப்புழுக்கம், வயிற்றெரிச்சல் என்பன மற்றொரு வரிசை. முன்னவை வெளியே பாய்வன. பின்னவை மூடிய கலத்துள் வேவன. பண்ணையார் குமுறினார் என்று எவரும் எழுதுவதில்லை. கூலியாள் சீறினான் என்று எழுதினால் அது கதையின் திருப்பமாகி விடுகிறது. வறியவள் ஒருத்தி 'வயிறு எரிகிறது' என்று சொல்லும்போது, அது சினம் என்பதே கேட்பவர்க்குத் தோன்றுவதில்லை. வழக்கு மொழி அறிந்த இவ்வேறுபாட்டை நம் நீதி நூலாசிரியர்கள் ஏனோ மறந்துவிட்டனர்.

வள்ளுவர் மறக்கவில்லை. வெகுளாமை அதிகாரத்தை அவர் தொடங்குவதே செல்லிடம், அல்லிடம் என்ற பாகுபாட்டோடுதான். தன் சினம் பலிக்கும் இடத்தில் காப்பவனே காப்பவன். பலியாத இடத்தில் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி. அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் வரும் ஹதீஸிலும் இதே நிபந்தனை இருக்கிறது. சினத்தை அடக்கியவருக்கு மறுமைச் சிறப்பைக் கூறும் நபி (ஸல்) அவர்கள், 'அதைச் செயற்படுத்தும் ஆற்றல் இருந்தும்' என்ற கருத்தை இடையில் வைக்கிறார்கள். சினமுற்ற நிலையில் நீதிபதி தீர்ப்பளிக்கலாகாது என்ற விதியும் அதிகாரம் உள்ளவனுக்கு இட்ட விதியே. இந்த நிபந்தனையை நீக்கிவிட்டு ஹதீஸின் எஞ்சிய பகுதியை மட்டும் எளியவனுக்கு ஓதுவது பிழையான வாசிப்பு. ஆற்றலற்றவனின் வாய்மூடல் ஹில்ம் என்னும் பொறையாகாது. பழிதீர்க்க இயலாமையால் அடக்கப்பட்ட சினம் உள்ளே திரும்பி 'ஹிக்து' என்னும் வன்மமாகிறது என்றும், அது பொறாமை முதலாக எட்டுத் தீமைகளை ஈனுகிறது என்றும் இமாம் அவர்களே எழுதியிருக்கிறார்கள். சினமூட்டப்பட்டும் சினவாதவனை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கழுதைக்கு ஒப்பிட்டதாகவும் அதே கிதாபில் எடுத்துக் காட்டுகிறார்கள். நம் மேடைகளில் இப்பகுதி ஏறுவது அரிது!

'இஹ்யா'வை மட்டும் கொண்டு முடிவு செய்யவும் நாம் விரும்பவில்லை. சினத்தின் காரணங்களாக அது அடுக்கும் செருக்கு, தற்பெருமை, கேலி, வாதம், பொருளாசை ஆகியவை பெரும்பாலும் சினப்பவனையோ அவன் பழக்கத்தையோ சார்ந்தவை. தொல்காப்பியர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். மெய்ப்பாட்டியலில் வெகுளிக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு. உறுப்பை அறுத்தல், சுற்றத்துக்குக் கேடு சூழ்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல். நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகள். சினப்பவனின் குற்றம் என்று ஒன்றேனும் இல்லை. கொலை என்பதைப் பேராசிரியர், ஒருவனுடைய அறிவையும் புகழையும் கொன்று பேசுதலாக விரித்துக் காண்பது இன்னும் அழகு. தொல்காப்பியர் எழுதியது அறநூலன்று, இலக்கணம் என்று சிலர் மறுக்கலாம். உண்மையே. ஆனால் நோயைத் தீர்க்க முனைபவன் முதலில் அதன் இலக்கணத்தை அறிய வேண்டாமா?

இனி மொழிபெயர்ப்பைப் பற்றிச் சிறிது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 134ஆம் வசனம் 'கைள்' என்பதை அடக்குவோரைப் போற்றுகிறது. 'கழப்' உறுப்புகளில் வெளிப்படுவது, 'கைள்' வெளிப்படாது உள்ளிருப்பது என வேறுபடுத்துகிறார் தஃப்ஸீர் ஆசிரியர் குர்துபீ. 'கள்மு' என்பதன் மூலப் பொருளோ நிரம்பிய தோற்பையின் வாயைக் கட்டுதல். பையில் நீர் நிரம்பியிருக்கிறது. கட்டுபவனின் கையில் கயிறும் இருக்கிறது. அவிழ்க்கவும் வல்லவன் கட்டுகிறான். தமிழில் இதைச் 'சினத்தை விழுங்குதல்' என எழுதும்போது இவ்வுவமை மறைந்து, விழுங்க வேறு வழியற்றவனின் முகமே தெரிகிறது. 'கட்டிக் காத்தல்' என்றால் ஓரளவு பொருந்தும்.

நம் இதழ்களில் வரும் கதைகளில் மாமியின் சுடுசொல்லையும் கணவனின் கையோங்கலையும் தாங்கி, ஒரு சொல்லும் எதிர் பேசாத மருமகளே பொறுமையின் வடிவாகக் காட்டப்படுகிறாள். ஐம்பத்தெட்டாம் அத்தியாயத்தின் பெயரே 'அல்முஜாதலா', வழக்காடியவள். கணவர் 'நீ என் தாயின் முதுகைப் போன்றவள்' என்று கூறிப் பிரிந்தபோது, கவ்லா (ரலி) அம்மையார் நபி (ஸல்) அவர்களிடம் சென்று வாதிட்டார், அல்லாஹ்விடம் முறையிட்டார். அம்முறையீட்டின்பேரில் அருளப்பட்ட வசனங்கள் அப்பழைய வழக்கத்தைக் கண்டித்து, அவ்வாறு கூறும் கணவனுக்குப் பரிகாரத்தையும் விதித்தன. தீய சொல்லைப் பகிரங்கமாக உரைத்தலை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனமும் அநீதிக்குள்ளானவரை அதே மூச்சில் விலக்கி வைக்கிறது.

முறையிட வாயில் உள்ள இடத்தில் குமுறல் வன்மமாக வேண்டியதில்லை. நம் கதாசிரியர்கள் அடுத்து ஒரு மருமகளைப் படைக்கும்போது, அவள் சினத்தைச் சமையற்கட்டின் மூலையில் கண்ணீராக வடியவிட்டு முடிக்காமல், மஹல்லா ஜமாஅத்தின் முன்னர் அவளைப் பேச வைக்கட்டும். பெரியவர்கள் என்ன விடை சொல்கிறார்கள் என்பதையும் எழுதட்டும். அக்கதையைப் படிக்க நாம் காத்திருக்கிறோம்.