மேடையும் நூலும்: பிரெடெரிக் டக்ளஸின் பயணம் குறித்து ஒரு நோக்கு

நூல் அச்சேறியதும் ஆக்கியோனின் பணி முடிந்துவிடுகிறது என்று கருதுவது விமர்சகரிடையே பெருவழக்கு. அதன்பின் அவர் ஊர் ஊராகச் சென்று நூலைப் பரப்புவதும் பிரதிகளை விற்பதும் வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்குரிய செய்திகளாக விடப்படுகின்றன. இது எல்லா நூல்களுக்கும் பொருந்துமா? அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் பிரெடெரிக் டக்ளஸ், தமது தன்வரலாறு வெளிவந்தபின், 1845 முதல் 1847 வரை அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிற் சுற்றினார். அப்பயணமே அவரது பிந்திய எழுத்துக்கான பட்டறையாக அமைந்தது என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

1818 இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த டக்ளஸ், 1838 செப்ரெம்பரில் வடக்கே தப்பிச் சென்றார். 1841 முதல் அடிமை ஒழிப்புச் சங்க மேடைகளிற் பேசினார். அங்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட பணி, தாம் பட்ட துன்பங்களை எடுத்துரைத்தல் மட்டுமே. அவற்றின் பொருளை விளக்கும் பணியை வெள்ளையின நண்பர்கள் தமக்கென வைத்துக்கொண்டனர். அவரது பேச்சு வன்மையைக் கண்டோரோ, இவர் அடிமையாக இருந்தவர்தாமா என ஐயுற்றனர். அவ்வையத்தைப் போக்கவே 1845 இல் பொஸ்ரனில் வெளியிட்ட தன்வரலாற்றில் எசமானரின் பெயர்களையும் ஊர்களையும் ஒளிவின்றி எழுதினார். நூலின் உண்மைக்குச் சான்றான அதே விவரங்கள், சட்டப்படி இன்னும் பிறர் உடைமையாகவே இருந்த அவரைப் பிடித்துச் செல்வதற்கும் வழிகாட்டின. எனவே அவரது பயணம் நூலைப் பரப்பும் பயணமாக இருந்தது போலவே, அந்நூலால் நேர்ந்த ஆபத்திலிருந்து தப்பும் பயணமாகவும் இருந்தது.

அவ்வாண்டு ஓகஸ்டிற் 'கம்பிரியா' என்ற கப்பலில் அவர் புறப்பட்டபோது மேல்வகுப்பு அறை மறுக்கப்பட்டது. தளத்திற் பேச முற்பட்டவரைக் கடலில் எறிவதாகச் சில பயணிகள் மிரட்டினர். கப்பற்றலைவர் தலையிட்டே அவர்களை அடக்க வேண்டியதாயிற்று. டப்ளினில் ரிச்சர்ட் வெப் என்ற அச்சகத்தார் நூலின் புதிய பதிப்பை வெளியிட்டார். கூட்டந்தோறும் டக்ளஸ் பிரதிகளை விற்றார். அட்லாண்டிக்கின் மறுகரையில், மசாசுசெற்ஸ் மாநிலத்தின் லின் நகரில், மனைவி அனா சப்பாத்துத் தைக்கும் வேலை செய்து பிள்ளைகளைப் பேணினார். பணத்தின் பொருட்டு டக்ளஸ் வழிதவறக்கூடும், அவரைக் கண்காணித்துக்கொள்க எனச் சங்கத்தின் முக்கியஸ்தர் மரியா வெஸ்ரன் சப்மன் வெப்புக்கு எழுதிய கடிதம் டக்ளஸின் காதுக்கு எட்டியது. அவர் சப்மனுக்கு நேரடியாகவே தம் கண்டனத்தை எழுதினார். நூல் விற்பனையால் வந்த வருமானம் அவருக்குப் பிழைப்புக்கான வழியாக மட்டும் அமையவில்லை. பிறர் சம்பளத்திலும் மேற்பார்வையிலும் தங்கியிராது தம் கருத்தைத் தாமே கூறுதற்கான பொருளாதார அடித்தளமாகவும் அமைந்தது.

இதன் விளைவு எழுத்திலும் வெளிப்படுகிறது. தொம்சன் என்ற டெலவேயர்வாசி, தாம் அறிந்த அடிமை இத்தகைய நூலை எழுதும் ஆற்றல் அற்றவன் எனப் பத்திரிகையில் மறுப்பெழுதினார். டக்ளஸ் அம்மறுப்பை மறைக்கவில்லை. 1846 ஆம் ஆண்டு டப்ளின் பதிப்பில் அதனையும் தம் மறுமொழியையும் சேர்த்தே அச்சிட்டார். தாம் அடிமையாக இருந்ததை எதிரியே உறுதிப்படுத்திவிட்டார் என நன்றியும் கூறினார். சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர் தாமே குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கிவிட்டார் எனலாம். அதே ஆண்டில், அடிமை உடைமையாளரிடம் நன்கொடை பெற்ற ஸ்கொட்லாந்துச் சுதந்திரத் திருச்சபை அப்பணத்தைத் திருப்பியனுப்ப வேண்டும் என அவர் நடத்திய பிரசாரமும், வெறும் அனுபவ விவரிப்பைக் கடந்த வாதமே.

பயணத்தின் தடம், 1855 இல் வெளிவந்த அவரது இரண்டாவது தன்வரலாற்றில் ஆழப் பதிந்துள்ளது. அடிமைகளின் பாடல்களில் ஒலிப்பது மகிழ்ச்சியன்று, துயரமே என முதல் நூலிற் கூறியவர், இரண்டாவது நூலில் ஒன்றைச் சேர்க்கிறார்: பஞ்சகாலத்து அயர்லாந்தில் மட்டுமே அதே அழுகுரலைத் தாம் கேட்டதாக எழுதுகிறார். தனியொரு இனத்தின் துயராக இருந்தது, ஒடுக்கப்பட்ட மனிதரின் பொதுத்துயராக விரிவுறுவதை இங்குக் காண்கிறோம். சுற்றித் திரிந்திராத டக்ளஸ் இவ்வொப்புமையை எழுதியிருத்தல் இயலாது.

முகவுரைகளின் வேறுபாடும் நோக்கத்தக்கது. தன் நூலுக்குத் தானே சிறப்புப்பாயிரம் கூறுதல் மரபன்று என்பர் நம் இலக்கணகாரர். ஆசிரியர், உடன் கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோர் அதனைக் கூறலாம் என வகுக்கிறது நன்னூல். முதல் நூலுக்கு முன்னுரை அளித்தவர் வெள்ளையினத் தலைவர் கரிசன். அது ஆசிரியர் நிலையிலிருந்து வழங்கப்பட்ட நற்சான்று. இரண்டாவது நூலுக்கு எழுதியவர் ஜேம்ஸ் மக்கியூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவர்; அது உடன் கற்றோரின் குரல். பாயிரம் கூறுவோர் மாறியதிலேயே ஆக்கியோனின் நிலைமாற்றம் தெளிவாகிறது.

முதல் நூலின் செறிவும் கூர்மையும் இரண்டாவதில் ஓரளவு தளர்ந்துள்ளன என்பதை மறுத்தற்கில்லை. மேடைப் பேச்சின் விரிவு அதன் நடையிற் படிந்துள்ளது. ஆயினும் இழந்ததினும் பெற்றது பெரிது. முதல் நூல் நடந்ததைக் காட்டிற்று. இரண்டாவது நூல் அதன் காரணங்களை ஆராய்கிறது.

1846 டிசெம்பரில் பிரித்தானிய நண்பர்கள் 150 பவுண் திரட்டிக் கொடுத்து அவரது விடுதலையைப் பெற்றனர். மனிதனுக்கு விலை கொடுப்பது அடிமை முறையை ஏற்பதாகும் எனச் சில தோழர் கண்டித்தனர்; கொள்ளையனிடமிருந்து தம் உடைமையை மீட்பது கொள்ளையை ஏற்பதாகாது என்ற கருத்தில் அவர் விடை கூறினார். 1847 இல் நாடு திரும்பிய கப்பலிலும் பிற பயணிகளிடமிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டார். எனினும் அவ்வாண்டு முடியுமுன் றொச்செஸ்ரர் நகரிற் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார்.

ஒடுக்கப்பட்டோரின் எழுத்தை 'ஆவணம்' என்று பாராட்டி, அதன் சிந்தனையைக் கணக்கில் எடாது விடும் போக்கு பல்கலைக்கழக விமர்சனத்திலும் உண்டு. உமது துயரைச் சொல்லும், பொருளை நாம் சொல்கிறோம் என்ற அந்தப் பழைய மேடையின் குரலே அதில் ஒலிக்கிறது. டக்ளஸ் அக்குரலிலிருந்து விடுபட ஒரு பெருங்கடலைக் கடக்க வேண்டியிருந்தது. அவரைப் படிக்கும் நாம் அதே குரலிற் பேசுதல் தகுமா என்பதே நம்முன் உள்ள வினா.