முதலில் படத்தைப் போடுங்கள்

சினிமா விமர்சனத்தில் நாம் எதையும் விடுவதில்லை. ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஹீரோயினின் உதட்டசைவு வரை பிரித்து மேய்கிறோம். ஆனால், எத்தனையோ வீடுகளில் எல்லாப் படத்துக்கும் முன்னால் வருஷக்கணக்காக ஓடிய ஒரு குட்டிப் படத்தைப் பற்றி ஒரு வரி விமர்சனம் படித்த ஞாபகம் எனக்கில்லை. டிவிடி மெனுவைச் சொல்கிறேன்.

டிஸ்க்கையே பார்த்திராத தலைமுறைக்காக: தட்டை உள்ளே தள்ளியதும் படம் வராது. ஹீரோ ஒரு பக்கம், ஹீரோயின் ஒரு பக்கம். நடுவே 'ப்ளே', 'சீன்ஸ்', 'சாங்ஸ்', 'செட்டப்' என்று நாலு ஆங்கில வார்த்தைகள். பின்னால் ஒரு பாட்டின் முப்பது செகண்ட் துண்டு, முடிந்ததும் மறுபடி அதே முப்பது செகண்ட். ரிமோட்டைத் தேடி எடுத்து 'ஓகே' அமுக்குகிறவரை இதுதான் கதி.

அதற்கு முந்தைய விசிடிக்கு இந்தப் பவிசெல்லாம் கிடையாது. 1993-ல் வந்த சரக்கு. ஒரு தட்டில் 74 நிமிஷம்தான் கொள்ளும். அதனால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, வசனம் ஜாஸ்தி என்றால் மூன்று. பிம்பம் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288. அவ்வளவுதான். மழைக் காட்சி வந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். ஆனால், தட்டைத் தள்ளினால் படம் ஓடும். பின்னால் வந்த விசிடி 2.0-வில் மெனு வைக்க வசதி இருந்தும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் அதைச் சீண்டவில்லை. நல்ல காரியம்.

1996-ல் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவிடி என்றால் மெனுவில்தான் தொடங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தட்டு சுழலத் தொடங்கியதும் எதை முதலில் காட்டுவது என்று ஒரு கட்டளையை அதிலேயே எழுதி வைக்கலாம். நேராகப் படத்துக்குப் போ என்றால் போகும். மெனுவில் நில் என்றால் நிற்கும். விளம்பரத்தைத் தாண்ட விடாதே என்றும் எழுதலாம். நீங்கள் ரிமோட்டை எத்தனை அமுக்கு அமுக்கினாலும் திரை மூலையில் ஒரு கை அடையாளமோ, குறுக்குக் கோடு போட்ட வட்டமோ வந்து 'நடக்காது' என்று சொல்லும். ஆக, இதெல்லாம் மெஷினின் தலைவிதி இல்லை. தட்டு தயாரித்தவர் உட்கார்ந்து யோசித்து (அல்லது யோசிக்காமல்) எடுத்த முடிவு.

அந்த முடிவு எங்கே போய் விடிகிறது என்று நான் பார்த்தது விஸ்வநத்தத்தில். சிவகாசியை ஒட்டிய ஊர். அங்கே ஃபேக்டரி என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். தீபாவளி முடிந்து பயராபீஸ் திறக்காமல் இருக்கும் சில வாரங்கள்தான் ஊருக்கு ஓய்வு. அப்படியொரு மத்தியானம், 2009-ல், பெரியம்மா வீட்டில். அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டி.வி., அதன் தலைமேல் ஒரு மலிவு டிவிடி பிளேயர். பேரன் தட்டைப் போட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டான். படத்தின் பெயர் வேண்டாம். பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த முப்பது செகண்ட் துண்டைப் பத்து நிமிஷம் பார்த்திருக்கிறார்கள். நான் உள்ளே போனபோது பெரியம்மா கேட்டார்: "ஏய்யா, பாட்டு முடியவே மாட்டேங்குது? கதை எப்பத்தான் ஆரம்பிக்கும்?"

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், வாழ்நாளெல்லாம் வெடிக்குத் திரி சொருகியவர் அவர். திரியில் பத்தியை வைத்தால் வெடிக்க வேண்டும், அதுதான் அந்த ஊர் நியாயம். தமிழ்ப் படம், தமிழ்நாட்டில் விற்ற தட்டு, பார்க்கிறவர்கள் தமிழ். கதவில் மட்டும் இங்கிலீஷில் போர்டு. நான் பார்த்த தட்டுகளில் 'படம்', 'பாடல்கள்' என்று தமிழில் எழுதியிருந்ததாக நினைவில்லை. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையைப் போட்டு உடைத்தபோது, தட்டு எல்லார் வீட்டுக்கும் வந்தது. விலை இறங்கியது, கதவின் மொழி இறங்கவில்லை. ரிமோட் பேரன் கைக்குப் போனது. அவன் இருந்தால் படம், இல்லாவிட்டால் பாட்டுத் துண்டு.

இதில் வயிறெரிகிற விஷயம், திருட்டு டிவிடிக்காரனுக்கு இது புரிந்திருந்தது. ஒரே தட்டில் அஞ்சு படம் அடைத்து விற்பவனுக்கு மெனு இல்லாமல் முடியாது. அவன் என்ன செய்தான்? அஞ்சு போஸ்டரைச் சின்னதாக்கி வரிசையாக ஒட்டிவிட்டான். விஜய் முகம் வேண்டுமா, விஜய் முகத்துக்குப் போய் அமுக்கு. எழுத்தே வேண்டாம். திருட்டை நான் ஆதரிக்கவில்லை. வாடிக்கையாளரைத் தெரிந்து வைத்திருந்தவன் எவன் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி, விமர்சகனாக என் புகார். ஒரு டைரக்டர் தன் படத்தின் முதல் ஷாட்டுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார். இருட்டிலிருந்து ஆரம்பிக்கலாமா, சத்தத்திலிருந்தா, ஒரு முகத்திலிருந்தா என்று. தியேட்டரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, மணி, விளக்கு அணைதல், சென்சார் சர்டிஃபிகேட். அதில் ரீல் எண்ணிக்கையைப் படித்து, "பதினாலு ரீல்டா!" என்று ஒரு குரல். பிறகு படம். வசந்தபாலனின் 'வெயில்' (2006) விருதுநகர்ப் பக்கத்துக் கதை. அதில் பசுபதி தியேட்டர் ஆபரேட்டராக வருவார். ஆபரேட்டர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஓட்டுவார். (சில பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாட்டை வெட்டியதும் உண்டு, அது வேறு வழக்கு.)

மெனு டிசைனர் என்ன செய்கிறார் என்றால், படத்தின் நல்ல பிம்பங்களாகப் பார்த்துப் பொறுக்கி வாசலிலேயே தோரணம் கட்டிவிடுகிறார். சசியின் 'பூ' (2008) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையிலிருந்து வந்தது. பட்டாசு வேலைக்குப் போகிற மாரியின் கதை. கடைசியில் பார்வதி உடைந்து அழுகிற அழுகைக்காகத்தான் அத்தனை நேரமும் காத்திருக்கிறோம். ஏன் அழுகிறாள் என்று பக்கத்திலிருக்கும் புருஷனுக்கே தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அந்த முகத்தை யாராவது மெனுவில் சுற்ற விட்டால்? எந்தத் தட்டிலும் அப்படிச் செய்ததாகச் சொல்லவில்லை. ஆனால், கிளைமாக்ஸ் சண்டையும் செத்துப்போகிற நண்பனின் முகமும் சுழன்ற மெனுக்களை வேறு படங்களில் பார்த்திருக்கிறேன். நண்பன் சிரித்துக்கொண்டு அறிமுகமாகும்போதே, 'உன் கதை எனக்குத் தெரியுமப்பா' என்று இருக்கும்.

மெனுவுக்கு நியாயமே இல்லையா? உண்டு. ஒன்று, 'சாங்ஸ்'. பாட்டை மட்டும் தனியாகப் பார்க்க வழி. ஹாலிவுட் தட்டுக்கு இது தேவைப்படாது. நம் படங்களை நாம் பார்க்கிற விதத்துக்குப் பிறந்த வசதி. இன்னொன்று, கரன்ட் கட். 2008-லிருந்து நாலைந்து வருஷம் தமிழ்நாடு பட்ட பாடு மறந்திருக்காது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கரன்ட் போகும். ரெண்டு மணி நேரம் கழித்து வரும். பிளேயர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அப்போது 'சீன்ஸ்' பக்கம் போய், விட்ட இடத்தைப் படம் பார்த்துப் பிடிக்கலாம். விசிடியில் ரெண்டாவது தட்டு வரை போயிருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் அத்தனையையும் ஓட்டித் தள்ள வேண்டும். விஸ்வநத்தத்தில் பேரனுக்கு வீட்டில் மவுசு கூடியது இதனால்தான்.

சரி, அதற்காக மெனுவை வாசலில் நிறுத்த வேண்டுமா? ரிமோட்டில் 'மெனு' என்று தனியாகவே ஒரு பட்டன் இருந்ததே! படத்தைப் போட்டுவிட்டு, வேண்டுகிறவன் அந்தப் பட்டனை அமுக்கட்டும் என்று விட்டிருக்கலாம். டிஸ்னி கம்பெனி 2000-களின் தொடக்கத்தில் 'ஃபாஸ்ட்பிளே' என்று ஒன்று கொண்டுவந்தது. சும்மா இருந்தால் தானாக ஓடும், வேண்டுமென்றால் மெனுவுக்குப் போகலாம். குழந்தைகளுக்கு ரிமோட் தெரியாது என்பது நியாயமான யோசனைதான். ஆனால், தானாக முதலில் ஓடியது அவர்களுடைய அடுத்த படங்களின் ட்ரெய்லர்! வியாபாரி வியாபாரிதான். தானாக ஓடுவது எல்லாமே நம் நன்மைக்காக இல்லை என்பதை அங்கேயே புரிந்துகொண்டிருக்கலாம்.

ஏனென்றால் இப்போது நடப்பது அதுதான். தட்டு போய்விட்டது. மோசர் பேர் 2018-ல் கலைப்புக்கே போனது. ஓடிடி வந்தது. அங்கே மெனுவும் உண்டு, தானாக ஓடுவதும் உண்டு, இரண்டின் கெடுதலும் சேர்ந்து. நெட்ஃபிளிக்ஸில் ஒரு படத்தின் மேல் கொஞ்சம் நின்றாலே ட்ரெய்லர் அலற ஆரம்பித்தது. அதை நிறுத்த ஒரு வழி வைக்க 2020 பிப்ரவரி ஆயிற்று. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அதைச் சுண்டைக்காயாகச் சுருக்கி, அடுத்ததைப் பார் என்று இழுக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் ஓடுகிறது.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி வேறு: 'யார் பார்க்கிறீர்கள்?' வரிசையாக நாலைந்து கார்ட்டூன் மூஞ்சிகள். அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு டி.வி. முன்னால் பெரியம்மா, மதினி, பேரன், பக்கத்து வீட்டு அக்காக்கள் என்று ஆறு பேர் உட்கார்ந்திருக்கிற வீட்டில் எந்த மூஞ்சியை அமுக்குவது?