எத்தனை மடங்கு போதும்? வானப் படப்பிடிப்பில் குவிய நீட்டிகள்

வியாழன் பூமிக்கு மிக அருகில் வரும் நாட்களில்கூட, 1200 மி.மீ. குவியத்தூரம் கொண்ட 8 அங்குல நியூட்டன் தொலைநோக்கி அதன் பிம்பத்தைக் கேமரா சென்சார்மேல் கால் மில்லிமீட்டர் அகலத்தில்தான் வீழ்த்துகிறது. 2.9 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில் அது ஏறத்தாழ 90 பிக்சல். பட்டைகளும் சிவப்புப் பெரும்புள்ளியும் தெரியும். அவற்றின் ஓரத்து நுண்சுழல்கள் பதியாது. இந்தக் குறையைத் தீர்ப்பவை குவிய நீட்டிகள். ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ 1830களில் உருவாக்கிய லென்ஸ் இவற்றின் மூலவடிவம். ஒளி குவியுமுன் அதைச் சற்று விரித்து, குவியத்தூரத்தை இரண்டு, மூன்று, ஐந்து மடங்காக்கும்.

ஆனால் நுணுக்கத்தை நிர்ணயிப்பது தொலைநோக்கியின் விட்டமும் அன்றைய காற்றின் அமைதியும்தான். நீட்டி புதிய நுணுக்கம் எதையும் படைப்பதில்லை. ஏற்கெனவே வந்து சேர்ந்ததைப் பதிய வைக்கப் போதுமான பிக்சல்களைத் தருகிறது, அவ்வளவே. எனவே தேர்வு பிக்சல் அளவிலிருந்து தொடங்க வேண்டும். பிக்சலின் மைக்ரான் அளவை 4 அல்லது 5 ஆல் பெருக்கினால், கோள் படங்களுக்கு ஏற்ற குவிய விகிதம் கிடைக்கும். 2.9 மைக்ரானுக்கு அது எஃப்/12 முதல் எஃப்/15 வரை. மேற்சொன்ன தொலைநோக்கி எஃப்/6; ஆகவே 2 அல்லது 2.5 மடங்கு நீட்டி அதற்கு மிகப் பொருத்தம். அதே கேமராவை எஃப்/10 ஷ்மிட்-காசெக்ரெயினில் பொருத்தினால் 1.5 மடங்கே போதும்.

பலரும் தவறுவது இங்கேதான். 5 மடங்கு என்ற எண்ணின் கவர்ச்சியில் வாங்கினால் எஃப்/6 தொலைநோக்கி எஃப்/30 ஆகிவிடும். 2 மடங்கு நீட்டியோடு ஒப்பிட, ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போகும். ஒளிபதிவு நேரத்தைக் கூட்டினால் காற்றின் நடுக்கம் படத்தைக் குழப்பும். கூட்டாவிட்டால் இரைச்சல் மிகும். கோள் பெரிதாகத் தெரியும், ஆனால் மங்கலாக.

வகையிலும் கவனம் தேவை. சாதாரண பார்லோவின் பெருக்கம், லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தோடு கூடும். இடையில் வடிகட்டிச் சக்கரமோ வளிமண்டல நிறப்பிரிகைத் திருத்தியோ நுழைந்தால் 2 மடங்கு 3 மடங்கை நெருங்கலாம். தமிழ்நாட்டில் வியாழனும் சனியும் உச்சம் கடக்கையில் ஏறத்தாழ 50 பாகைக்கு மேலேயே நிற்பதால், அந்த நேரத்தில் படமெடுப்போருக்குத் திருத்தி பெரும்பாலும் அவசியமில்லை. டெலிசென்ட்ரிக் நீட்டிகள் ஒளிக்கூம்புகளின் மையக்கதிர்களை ஒன்றுக்கொன்று இணையாகவே வெளியே அனுப்புவதால், சென்சார் வரையிலான தூரம் பெருக்கத்தை அதிகம் பாதிக்காது. விலை கூடுதல்தான். ஹைட்ரஜன்-ஆல்ஃபா எட்டலான் வடிகட்டியை ஒளிப்பாதையின் பின்முனையில் வைத்துச் சூரியனைப் படமெடுப்போருக்கு அந்த இணைக்கதிர் தேவை. அந்த விலை நியாயம். கோள்களுக்கு நல்ல நிறத்திருத்த பார்லோ போதும்.

நெபுலாக்களுக்கும் விண்மீன் மண்டலங்களுக்கும் நீட்டி பெரும்பாலும் பாதகமே. 3.76 மைக்ரான் பிக்சலுடன் 1200 மி.மீ. குவியத்தூரமே ஒரு பிக்சலுக்கு 0.65 வில்விநாடி தருகிறது. நீண்ட ஒளிபதிவில் காற்று விண்மீன்களை 2 வில்விநாடி அளவுக்கு விரித்துவிடும் இரவில், அதற்குமேல் நீட்டிப் பயனில்லை. 2 மடங்கு நீட்டினால் ஒளிபதிவு நேரம் நான்கு மடங்காகும், காட்சிப் பரப்பு கால் பங்காகும், தாங்கியின் ஒவ்வொரு பிழையும் இரட்டிப்பாகத் தெரியும்.

எனவே நிலவு, கோள், சூரியன் ஆகியவற்றுக்கு நீட்டி தேவையான கருவி. மங்கிய ஆழ்வான் பொருள்களுக்கு வேண்டாத சுமை. பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கி, தொலைநோக்கியின் குவிய விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் விடையை அதிகம் தாண்டாத நீட்டியே உங்களுக்கு உரியது. விடை ஒன்றை ஒட்டி வந்தால், எதுவும் வாங்கத் தேவையில்லை.